கடவுளா, நோயா, நாமளா?

போன வாரம் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பானு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நான் வேலை பார்த்த கண் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலியில் இப்போது உட்காருபவர் பானு. படத்தில் ரோஸ் நிறச் சதை, அதன்மேல் ஊதாப் புள்ளிகள், நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி. அந்த இடைவெளியைப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் பச்சைக் கோட்டால் சுற்றி வளைத்து, 'கால்வாய்' என்று சான்றிதழ் கொடுத்திருந்தது. அதற்குக் கீழே பானுவின் கேள்வி: "சார், மெஷின் இதைக் கால்வாய்ங்குது. எனக்கென்னவோ கிழிசல் மாதிரி இருக்கு. நீங்க முப்பத்து நாலு வருஷம் பாத்தவரு. என்ன சார் இது?"

முப்பத்து நாலு வருஷம் பார்த்தவர் படத்தை நேராகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தலைகீழாகப் பார்க்கலாம் என்று போனைத் திருப்பினார். படமும் கூடவே திரும்பி மறுபடி நேராக நின்றது. மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, அறிவியலில் தன் பங்களிப்பை ஒருவாறு புரிந்துகொண்டு, வாய் கொப்பளித்தார்.

"காலங்காத்தால என்ன அது, பீட்ரூட் அல்வாவா?" என்றாள் என் மனைவி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"கண்ணுக்குள்ள தண்ணி வடியற இடம்."

"வடியுதா?"

"அதைத்தான் கேக்கறாங்க."

"ரிட்டயர் ஆகியும் உங்களுக்கு அது தெரியலையா?" என்று கேட்டுவிட்டு அவள் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள். தெரியவில்லைதான். நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி குழப்பம். சம்பளம் மட்டும்தான் தெளிவாக வந்தது.

விலங்கியல் படித்துவிட்டு அந்த மருத்துவமனையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில், "தவளை அறுத்திருக்கியா?" என்று கேட்டார்கள். ஸ்டோரில் தவளைக்கு என்ன வேலை என்று யோசிக்காமல், "அறுத்திருக்கேன் சார்" என்றேன். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் விரலை அறுத்துக்கொண்டேன், மூன்றாம் வருடம் கண்ணை அறுக்கக் கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேலை என்னவென்றால், எடுத்தே தீரவேண்டும் என்று அறுவை டாக்டர்கள் முடிவு செய்து எடுத்த கண் ஒரு பாட்டிலில் எங்களிடம் வரும். அதைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஏடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். பார்த்துச் சொல்வது அவர். சீவிக் கொடுப்பது நான். ஊரில் கேட்பவர்களிடம், "கண் டாக்டரோட வேலை பாக்கறேன்" என்பேன். உடனே தங்கள் கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் நீர் கண்ணீர் அல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. கண்ணீர் வெளியே வருவது. இது உள்ளேயே ஊறுவது. கருவிழிக்குப் பின்னால் ஊறி, கண்பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, விழியின் ஓரத்தில் ஒரு மூலைக்குப் போகிறது. அந்த மூலையில் ஒரு சல்லடை. சல்லடைக்கு அந்தப் பக்கம், கண்ணைச் சுற்றி மோதிரம்போல் ஓடும் ஒரு கால்வாய். அதற்கு ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயர் உண்டு. எங்கள் கூடத்தில் அதைச் சரியாக உச்சரித்தவர் எவருமில்லை என்பதால் வளையக் கால்வாய் என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து பொடிப்பொடி வாய்க்கால்கள் ரத்தக் குழாய்களில் போய்ச் சேரும். சல்லடை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு சத்தமில்லாமல் சாகும். மழைக்காலத்தில் தெருமுனையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த எங்கள் இரும்புலியூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

நுண்ணோக்கியின் கீழே சிக்கல் வேறு மாதிரி. கால்வாய் என்பது ஒரு வெற்றிடம். கிழிசலும் வெற்றிடம். வெள்ளையாகத் தெரியும் எந்த இடத்தைப் பார்த்தாலும், இது படைப்பிலேயே உள்ள வழியா, நோய் செய்த ஓட்டையா, அல்லது நம் கத்தி இழுத்த இழுப்பா என்று கேட்டாக வேண்டும்.

டாக்டர் ஜெசிந்தா இதை மூன்று சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என் மேலதிகாரி. ஸ்லைடில் இடைவெளி ஏதாவது தெரிந்தால் பேனாவைக் கீழே வைப்பார். நாற்காலியை அரையடி பின்னால் தள்ளுவார். கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்:

"கடவுளா, நோயா, நாமளா?"

அவரோடு வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. 'நீங்க' என்றும் சொல்லமாட்டார். 'நாம' என்பார். "ஏடு கொஞ்சம் தடிமனா சீவிட்டோம் நாம." "சாயத்துல நாம தூங்கிட்டோமோ?" அந்த 'நாம'வில் அவருடைய பங்கு எவ்வளவு, என்னுடைய பங்கு எவ்வளவு என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். திட்டியிருந்தால்கூட மதியச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளியின் கதை எழுதிய படிவத்தை ஸ்லைடுக்கு முன்னால் படிக்கமாட்டார். டீ சாஸரை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிடுவார். "கதை கேட்டா கண்ணு கதையைத்தான் பாக்கும்" என்பார். முதலில் ஸ்லைடு, பிறகு சாஸர் நகரும். அதோடு ஒரு பச்சை நோட்டு. சந்தேக இடைவெளி வந்த ஒவ்வொரு ஸ்லைடின் எண்ணையும் அதில் எழுதி, கடைசிக் கட்டத்தில் ஓர் எழுத்துப் போடவேண்டும். கடவுள் என்றால் க. நோய் என்றால் நோ. நாம் என்றால் நா. அந்த நோட்டில் பக்கம் பக்கமாக 'நா'க்கள். பெரும்பாலும் என் கையெழுத்தில்.

ஒரு மழைக்காலத்தில் எங்களிடம் வந்த ஒரு வலது கண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கண்ணுக்குச் சொந்தக்காரர் சம்பத். அனகாபுத்தூரில் தையல் கடை வைத்திருப்பவர். அந்த மழைக்காலத்துக்குப் பதினோரு வருடம் முன், வீட்டில் டிவி பார்க்கும்போது தம்பி குமரேசனோடு தகராறு. ஒருவருக்குக் கிரிக்கெட், ஒருவருக்குச் செய்தி. தம்பி ரிமோட்டைத் தூக்கி எறிந்தார். அது அண்ணனின் வலது கண்ணில் பட்டது. கண்ணுக்குள் ரத்தம் கட்டி, ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் வருடங்கள் கழித்து அந்தக் கண்ணில் பார்வை குறைந்து, அழுத்தம் ஏறி, கடைசியில் பார்வை முழுக்கப் போய் வலி மட்டும் மிஞ்சியது. வலி தாங்காமல் கண்ணை எடுத்துவிட்டார்கள். ரிமோட் விழுந்த நாளிலிருந்து அண்ணன் தம்பியிடம் பேசுவதில்லை. ஒரே வீடு, மேல் மாடி கீழ் மாடி. தம்பி பல்லாவரம் மேடவாக்கம் ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அவர்தான் அழைத்து வருவார். அண்ணன் பின் சீட்டில் பாசஞ்சர் மாதிரி உட்கார்ந்து, பாசஞ்சர் மாதிரி இறங்கிப் போவார்.

கேள்வி மிச்சமிருந்த இடது கண்ணைப் பற்றியது. அதில் அழுத்தம் ஒருநாள் சரியாக இருந்தது, ஒருநாள் ஏறி இருந்தது. அறுவை டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். சம்பத் விட்டுக்கொள்ளவில்லை. "எதுக்கு டாக்டர்? இந்தக் கண்ணுல யாரும் ரிமோட் அடிக்கலையே" என்றாராம். அதிலும் நியாயம் இருந்தது.

கண்ணில் பலமாக அடிபட்டால், உள்ளே இருக்கும் நீர் அந்த மூலையில் போய் மோதி, சல்லடையை ஒட்டிய தசையைக் கிழித்துவிடும். கிழிந்த இடம் தழும்பேறி, பல வருடம் கழித்துச் சல்லடை வேலை செய்யாமல் போகும். எடுத்த கண்ணில் அந்தக் கிழிசல் இருந்தால், பழி ரிமோட்டின் மேல். இடது கண்ணுக்குப் பெரிய பயமில்லை. கிழிசல் இல்லாமல் சல்லடை தானாகக் கெட்டிருந்தால், தம்பி நிரபராதி. ஆனால் அது இரண்டு கண்ணிலும் வரக்கூடிய வியாதி. தையல்காரரின் மிச்சக் கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கலாம்.

கண் என் மேசைக்கு ஒரு சனிக்கிழமை வந்தது. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் இறுகிய கண்ணை விளக்கொளியில் பிடித்து, எங்கே வெட்டுவது என்று குறித்துக்கொள்வோம். பிறகு பிளேடால் மேலே ஒரு தொப்பி, கீழே ஒரு தொப்பி. முட்டையின் இரு முனையையும் சீவுவதுபோல. நடுவில் கிடைக்கும் வில்லைதான் முதலில் போகும். தொப்பிகள் இரண்டும் ஃபார்மலினிலேயே காத்திருக்கும். வில்லையை ஒரு சின்னக் கூடையில் போட்டு இயந்திரத்தில் மாட்டினால், அது ஜாடி ஜாடியாக முங்கி எழும். ஆல்கஹாலில் ஈரம் போகும். கடைசி ஜாடியில் உருகிய மெழுகு. அங்கிருந்து சரியான நேரத்தில் எடுத்தாக வேண்டும். விட்டால் திசு வறண்டுபோகும்.

ஞாயிறு மதியம் எடுத்திருக்க வேண்டியது. ஞாயிறு காலையில் இரும்புலியூரில் எங்கள் தெரு தெருவாக இல்லை. முழங்காலளவு தண்ணீர். வாசலில் என் செருப்பு ஒன்று மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டிக்கு ஒரு போன் போட்டு, சுவிட்சை அணைக்கச் சொல்லியிருக்கலாம். செருப்பின் நினைவில் கூடையை மறந்துவிட்டேன். திங்கள் மதியம் நீந்தாத குறையாகப் போய்ச் சேர்ந்தபோது வில்லை மெழுகுக்குள் ஒரு நாள் கூடுதலாக வெந்திருந்தது. விரலால் தட்டினேன். கடலை மிட்டாய் மாதிரி டொக்கென்றது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் பச்சை நோட்டைத் திறந்திருப்பான். நான் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மெழுகுக் கட்டியை ஐஸில் வைத்து, ஈரப் பஞ்சு வைத்து, கெஞ்சிக் கூத்தாடிச் சீவினேன். வெதுவெதுப்பான நீரில் ஏடுகள் பாலாடை மாதிரி விரிந்தன. நீலமும் ரோஸும் ஏற்றினேன். பார்க்க அழகாகவே இருந்தன. சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். சமாளிப்பது எங்கள் பகுதியில் ஒரு தொழில்திறன்.

அன்றைக்குப் பார்த்து, ஸ்லைடு போய்ச் சேர்வதற்கு முன்பே அறுவை டாக்டர் போனிலேயே டாக்டர் ஜெசிந்தாவிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். "தசையில கிழிசல் இருக்கான்னு பாருங்க மேடம். இருந்தா அந்தாளுக்கு நல்ல செய்தி." சாஸர் கவிழ்வதற்கு முன்பே கதை காதில் ஏறிவிட்டது.

அவர் பார்த்தார். மூலையில், தசைக்கு நடுவே, பளிச்சென்று ஒரு வெள்ளைப் பிளவு. பேனா கீழே போனது. நாற்காலி அரையடி பின்னால் வந்தது.

"கடவுளா, நோயா, நாமளா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இடம் சரியா இருக்கே மேடம்" என்றேன். இடம் சரியாகத்தான் இருந்தது. அடிபட்ட கண் கிழியவேண்டிய இடத்தில் கிழிந்திருந்தது. என் வறண்ட வில்லை தற்செயலாக அதே இடத்திலா பிளக்கும்? பிளக்கலாம். பிளக்காமலும் இருக்கலாம். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. தெரியாதது சௌகரியமாகவும் இருந்தது.

"விளிம்புல தழும்பு சரியா தெரியல" என்றார். "ஆனா இடம் சரிதான். நாளைக்கு இன்னொரு தடவை பாத்துட்டு எழுதறேன்."

மறுநாள் காலை ஜன்னல் கவுன்ட்டரில் ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, விரலில் பித்தளை வளையத்தோடு ஆட்டோ சாவி சுற்றிக்கொண்டே இருந்தது.

"சார், சம்பத்து கண்ணு இங்கதான வந்துச்சு? நான் தம்பி. குமரேசன்."

"ரிப்போர்ட் இன்னும் வரலீங்க. டாக்டர்கிட்டதான் கேக்கணும்."

"ரிப்போர்ட் வேணாம் சார். ஒரே ஒரு விஷயம் சொல்லு. என்னாலதான் போச்சா?"

அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு வந்த முதல் ஆசை அவரை ஆறுதல்படுத்துவது. இரண்டாவது ஆசை, யாரிடமாவது உண்மையைக் கொட்டிவிடுவது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

"உங்களால இல்லாமலும் இருக்கலாம். கண்ணுல ஒரு கிழிசல் தெரியுது. அது ரிமோட் பட்டதாவும் இருக்கலாம். நாங்க இங்க வெட்டும்போது கிழிஞ்சதாவும் இருக்கலாம்."

சாவி சுற்றுவது நின்றது. அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். பதினோரு வருடப் பழி இறங்கும்போது மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்கத் தயாராக இருந்தேன்.

"நீங்க கிழிச்சதா இருந்தா, அண்ணனுக்கு அந்தக் கண்ணு எப்டி போச்சு?"

"அது தானா வர்ற வியாதி. ரெண்டு கண்ணுலயும் வரும்."

"ரெண்டுலயும்னா... மிச்சம் கீற கண்ணுலயுமா?"

"ஆமாம். மருந்து விடணும். விட்டா காப்பாத்தலாம்."

"அவருதான் வுடமாட்றாரே சார்! பேஜாரு புடிச்ச மனுசன். ஊசில நூல் கோக்கறதுக்கு அந்த ஒரு கண்ணுதான் கீது." கொஞ்ச நேரம் கவுன்ட்டரின் மரச் சட்டத்தைச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ சிபாரிசு கேட்பவர்போல, "சார், அப்டின்னா அது நான் பண்ணதாவே இருக்கட்டும் சார். நான்தான்னே எழுதிடு. அந்தக் கண்ணு நல்லா இருந்தா போதும்."

"எழுதறதால அது மாறாதுங்க."

"தெரியும் சார். இருந்தாலும் நான்தான்னு எழுதேன்."

கவுன்ட்டரின் அந்தப் பக்கம், குற்றம் செய்தோமா என்றே தெரியாத ஒருவர் அதைத் தன் பெயரில் எழுதச் சொல்லிக் கேட்கிறார். இந்தப் பக்கம், செய்திருப்போம் என்று முக்கால்வாசி தெரிந்த நான், ஐஸ் பெட்டியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.  அவர் போன பிறகு எழுந்து நேராக டாக்டர் ஜெசிந்தாவின் மேசைக்குப் போனேன். வில்லை ஒரு நாள் கூடுதலாக வெந்ததை, டொக்கென்றதை, ஐஸை, செருப்பு மிதந்தது உட்படச் சொன்னேன். செருப்பைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கன்னத்தில் கோடு விழுந்தது. கோபம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

"இதை நாம நேத்தே சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த 'நாம'வை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில் வைத்திருந்தால், அதில் அவர் துளியும் இருந்திருக்கமாட்டார்.

பிறகு டீ சாஸரை எடுத்து, ஏற்கெனவே படித்துவிட்ட படிவத்தின்மேல் கவிழ்த்தார். "கதை எனக்கு மறந்துபோச்சு. ரெண்டு தொப்பியும் ஃபார்மலின்லதான இருக்கு? முதல்லேர்ந்து போவோம்."

மேல்தொப்பியையும் கீழ்த்தொப்பியையும் இயந்திரத்தில் ஏற்றினேன். டிபன் பாக்ஸோடு அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். கூடை ஒவ்வொரு ஜாடியிலும் இறங்கி ஏறுவதை, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவனைப்போலப் பார்த்திருந்தேன். மெழுகிலிருந்து நிமிடம் தவறாமல் எடுத்தேன். கத்தியில் புது பிளேடு. ஏடுகள் சுருங்காமல் கிழியாமல் ரிப்பனாக வந்தன. பழைய வில்லையையும் விடவில்லை. அதே கட்டியில் இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். பத்து ஏட்டுக்கு ஒன்று வீதம் வரிசையாக எடுத்து வைத்தேன்.

இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதலில் பழைய வில்லை. ஆழம் போகப்போக அந்த வெள்ளைப் பிளவு தசையின் நடுவை விட்டு நகர்ந்தது. அடுத்த ஏட்டில் தசையின் ஓரத்துக்கு வந்தது. அதற்கடுத்ததில் தசையைக் கடந்து கண்ணின் வெள்ளைச் சுவருக்குள்ளேயே போயிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸிலும் அந்தப் பிளவுக்குத் தம்பி மாதிரி ஒன்று. வறண்ட ஏரித் தரை வெடிப்பதுபோல, நல்லது கெட்டது பார்க்காமல் வெடித்திருந்தது. எந்த ரிமோட்டும் கண்ணை அப்படிக் கிழிக்காது.

பிறகு தொப்பிகள். கிழிசல் எங்கும் இல்லை. மூலையில் சல்லடையின் இழைகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதற்குப் பின்னால் மயிரிழையாக ஒரு வெள்ளைக் கோடு.

"அது?" என்றேன். "அதுவும் நாமளா?"

"கரையைப் பாருங்க."

பார்த்தேன். அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஊதாப் புள்ளிகளாக உயிரணுக்கள் வரிசையாக, வரப்பில் கொக்குகள் உட்கார்ந்திருப்பதுபோல. கிழிசலுக்குக் கரை கிடையாது. கால்வாய்க்கு உண்டு.

"கால்வாய்தான். அமுங்கிப்போச்சு" என்றார். "முத்தின கண்ணு சார் இது. எது முன்னாடி எது பின்னாடின்னு பைபிள் மேல சத்தியம் பண்ண முடியாது. ஆனா கிழிசல்னு எழுத இதுல எதுவும் இல்ல. இடது கண்ணுக்கு மருந்து போட்டே ஆகணும்." சாஸரை நகர்த்தினார். "அவங்ககிட்ட பேசும்போது நீங்களும் வாங்க."

முதல் தடவையாக 'நீங்க' என்றார். நான் எழுந்து போனேன்.

அறுவை டாக்டரின் அறையில் சம்பத் நாற்காலியில் இருந்தார். வலது கண்ணில் வெள்ளைப் பஞ்சுக் கட்டு, கழுத்தில் இன்னும் கழற்றாத அளவு டேப். குமரேசன் கதவோரம் நின்றார். டாக்டர் ஜெசிந்தா பொறுமையாக விளக்கினார். முதலில் தெரிந்த கிழிசல் ஆய்வுக்கூடத்தில் ஏற்பட்டது என்று சொல்லி நிறுத்தினார்.

"நான்தாங்க கிழிச்சேன்" என்றேன்.

சம்பத் என்னைத் தலை முதல் கால் வரை, ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப ரிமோட் பட்டதால போவல?"

"அப்படிச் சொல்ல ஆதாரம் இல்ல" என்றார் டாக்டர் ஜெசிந்தா.

"பதினோரு வருசம் மேடம். ஒரே வூட்ல பேசாம இருந்தேன். எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகையகூட இன்னொரு ஆள்கிட்ட குடுத்துதான் மேல அனுப்பினேன். இப்போ வந்து ஆதாரம் இல்லன்னா இன்னா அர்த்தம்?" அவர் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது. கடைசியில் பழகிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. "அதுக்காக ரிமோட்ட தூக்கிப் போட்டது சரின்னு ஆயிடுமா? அவன கேளுங்க டாக்டர்."

"சரியில்லதான்" என்றார் குமரேசன் கதவோரத்திலிருந்து. "மருந்த வுட்டுக்கிறியான்னு அவர கேளு டாக்டர்."

"நான் இன்னா கொழந்தையா? வுட்டுக்கறேன்னு சொல்லுங்க அவன்கிட்ட."

அறுவை டாக்டர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, சீட்டில் மருந்தை எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை பச்சை நோட்டை எடுத்தேன். ஸ்லைடு எண், பிளவு இருந்த இடம், எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல 'நா' என்று போட்டேன். டாக்டர் ஜெசிந்தா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இது எந்த நா?"

"புரியல மேடம்."

"நாமளா, நாராயணனா?"

என் பெயர் நாராயணன். அத்தனை வருடமாக அந்தக் கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதும், 'நாம'வுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்திருந்தேன் என்பதும் ஒரே நொடியில் உறைத்தன. பேனாவை எடுத்து, பக்கத்தில் 'ராயணன்' என்று சேர்த்தேன். அவர் தலையாட்டிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் முதல் பழையபடி 'நாம'தான்.

பானுவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் யோசித்தேன். கோவிலம்பாக்கத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போகப் பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் தட்டத் தொடங்கினேன். "எனக்கும் தெரியவில்லை. மெஷினுக்கும் தெரியாது. ஆழமாக இன்னும் பத்து ஏடு சீவிப் பாருங்கள். கரை இருக்கிறதா, இடம் மாறுகிறதா என்று பாருங்கள்."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. சாவி மட்டும் அதே பித்தளை வளையத்தில்.

"சார், நீங்க கிழிச்ச சார் தான?"

ஆட்டோவில் இருந்த நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். அதற்குமேல் விளக்க இடமில்லை.

"அண்ணன் கண்ணு எப்படி இருக்கு?"

"அதே கடைதான் சார். இன்னிவரைக்கும் அவரேதான் நூல் கோக்கறாரு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போனில் அலாரம் அடித்தது. மணி எட்டு. வண்டியை ஓரங்கட்டி, அண்ணனுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணா, மருந்து வுட்டியா?"

"வுட்டாச்சு, வுட்டாச்சு. தெனம் இதே ரோதனை." அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது. "ரிமோட்டால அடிக்கிறப்போ இந்த அக்கற எங்கடா போச்சு?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குமரேசன் கியரை மாற்றினார்.

"இன்னும் அதான் சார் சொல்லிக்கினு கீறாரு" என்றார். "நானும் இல்லன்னு சொல்றதில்ல."